இருநூறு ரூபாய் ஆன்ட்டி

நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தேங்க்ஸ நீயே வச்சிக்க, துட்டு குடு" என்பார். அதையும் வைத்தியம் முடிந்த பிறகு வாங்கமாட்டார், தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுவார். கழுத்து திரும்பாமல் அழுதுகொண்டு வருகிறவளாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திப் பர்ஸைத் திறக்கச் சொல்வார். இருநூறு ரூபாய் மேசைக்கு வந்த பிறகுதான் நாற்காலியைக் காட்டி "பைட்டோ" என்பார்.

புனேயில், போபோடி ரயில் பாதையை ஒட்டிய சந்தில், இரண்டு மாடி வரிசை வீடுகளில் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். அடுத்த கதவு அவருடையது. மூன்று தலைமுறைக்கு முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்த கிறிஸ்தவக் குடும்பம். தனி ஆள். கட்கியில் ஒரு மருத்துவரிடம் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை பார்த்தார். மதியம் இரண்டு மணிக்கு இடது காலை லேசாக இழுத்தபடி படியேறி வருவார். நான்கிலிருந்து ஆறு வரை வைத்தியம். உடம்பைத் தொடமாட்டார். வலிக்கிற இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி உள்ளங்கைகளை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் நிற்பார். ஊசி குத்துவதுபோல இருந்தது என்பார்கள் சிலர், வெந்நீர் ஒத்தடம்போல என்பார்கள் சிலர். சந்து முழுக்க அவர் ஆன்ட்டிதான், மராட்டிக்காரர்களுக்கு மாவ்ஷி. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் 'இருநூறு ரூபாய்'.

வைத்தியம் முடிந்ததும் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார். "பூடுமா. திரும்பிப் பாக்காத." மறுநாள் கடைத்தெருவில் அதே பெண் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குணமானவர்கள் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார்.

காசு இல்லாதவர்களையும் விட்டதில்லை. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு மராட்டிப் பெண் இடுப்பு வலியோடு வந்தாள். கையில் பணமில்லை, இரண்டு கட்டு வெந்தயக் கீரையை நீட்டினாள். ஆன்ட்டி தலையை ஆட்டிவிட்டார். கீரை சாயங்காலத்துக்குள் வாடிப்போகும், அதைக் கொடுப்பதால் உனக்கு ஒன்றும் குறையாது என்று மராட்டியில் சொல்லி, அவள் தராசிலிருந்த அரைக்கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் அவள் வேறு கல் வாங்க வேண்டியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏன் ஆன்ட்டி, பாவம் இல்லையா?"

"குடுக்கறது கொறையணும்மா. கொறையலன்னா அது குடுத்ததே இல்ல" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "அவ நிம்மதியா வீட்டுக்குப் பூடுவா. அது போதும்" என்றார்.

பேராசைக்காரி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் வாங்கிய காசில் ஒரு ரூபாயை அவர் தனக்காகச் செலவழித்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகும்போது வாரத்தின் வசூல் மொத்தத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காணிக்கைப் பெட்டியில் கொட்டிவிட்டு வருவார். சர்ச்சிலும் அவரைப் பற்றி நல்ல பேச்சில்லை. கடவுள் கொடுத்ததை விலைக்கு விற்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருமுறை வாகட்டிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்ப் பேச்சு. வைத்தியம் செய்துகொள்ள வரவில்லை, கற்றுக்கொள்ள வந்திருந்தான். நான் நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. ஆன்ட்டி அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டார்.

"மேடம், இது சேவை இல்லீங்களா? இயற்கையில இருக்கற சக்திங்க. அதுக்குப் போயி யாராச்சும் விலை வெப்பாங்களா?"

"காத்துகூட சும்மாதான் கீது. ஃபேனு துட்டு குடுத்துதானே வாங்கின?"

அவன் சிரித்தான். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"வைத்தியத்துக்கு வந்தவன் துட்டு குடுக்கலன்னா வாசல்ல நிப்பான். கத்துக்க வந்தவன் குடுக்கலன்னா உள்ள வந்து படுத்துக்குவான். என்னால முடியாதுப்பா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து ஓர் உறையோடு திரும்பி வந்தான். நான்கு ஞாயிறு மதியங்கள் சொல்லிக்கொடுத்தார். கடைசி ஞாயிறு அவன் காலில் விழப் போனபோது பின்னால் நகர்ந்துவிட்டார். "எங்கயாச்சும் என்னப் பாத்தா வணக்கம் சொல்லாத. நான் செத்தாலும் வராத. உனக்கும் எனக்கும் முடிஞ்சிச்சு" என்றார். சாபமிடுவதுபோல இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நல்லபடியாக ஒருவரை வழியனுப்பி வைக்கிற முகம்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். அம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தது. தோளும் நெஞ்சும் பாரமாக இருக்கிறது என்பாள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்து முப்பது வருடமாகியும் அம்மாவின் பேச்சில் ஓர் எழுத்து மாறியதில்லை. இந்தி, மராட்டி எதுவும் அவளிடம் ஒட்டவில்லை. அப்பா போன பிறகு பேசுவதற்கு ஆளும் இல்லை. நான் காலை ஆறு மணிக்குச் சாகணில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். எனவே அம்மா அடுத்த கதவுக்குப் போனாள். வாரம் இரண்டு முறை. வந்து புலம்புவாள்.

"இருநூறு ரூவாய எண்ணி வாங்குதா. ஒரு வாய் காப்பி குடின்னு சொல்ல மாட்டுக்கா. என்ன பொம்பளையோ!"

ஆனால் அன்றைக்குத் தூங்கிவிடுவாள்.

நான் ஷிஃப்டில் இருந்த ஒரு மதியம் அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். கீழ்வீட்டு மராட்டிக்காரி போன் செய்தாள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது லேசான மாரடைப்பு, சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனதாம். அதுவரை அம்மாவோடு இருந்தவர் ஆன்ட்டி.

கீழ்வீட்டுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு எனக்கு நடந்ததைச் சொன்னாள். ஆன்ட்டி ஓடி வந்து பார்த்ததும், நினைவில்லாமல் கிடந்த அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "பைசா! பைசா தே!" என்று கத்தினாராம். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாராம், இடுப்பைத் தடவினாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தாராம், யாரிடமோ அனுமதி கேட்பவர்போல. பிறகு இரண்டு கைகளையும் அம்மாவின் நெஞ்சிலேயே வைத்துவிட்டாராம். "சாகக் கிடக்கிறவள் மடியில் பணம் தேடுகிற பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை" என்றாள்.

அம்மா வீடு திரும்பிய அன்று ஆன்ட்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல்முறை.

"இருநூறு குடுமா."

அம்மா படுக்கையிலிருந்து சிரித்தாள். "உசுரக் குடுத்தவளுக்கு இருநூறா? யக்கா, அத நீங்க கேக்கவும் கூடாது, நான் குடுக்கவும் கூடாது. அது அசிங்கம்லா."

"அசிங்கம் இல்ல. குடு."

"மாட்டேன்."

நான் எழுந்து என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஆன்ட்டி என் கையைப் பார்க்கவே இல்லை. "உன் துட்டு உன்னோட துட்டு. அவங்களதுலருந்து வரணும்." அம்மாவை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகு வாரா வாரம் வந்து கேட்டார். அம்மா வாரா வாரம் சிரித்தாள். பதிலுக்குப் புட்டு அவித்து அனுப்பினாள், சொதி வைத்து அனுப்பினாள். ஆன்ட்டி ஒவ்வொரு பாத்திரத்தையும் காலி செய்து, உள்ளே ஐம்பது ரூபாய் போட்டுத் திருப்பி அனுப்பினார். அம்மா அந்த ஐம்பதை அவர் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவாள். எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் வேடிக்கை நின்றுபோனது.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "இன்னாமா, லேட்டு?"

ஆன்ட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுக்களையில் அம்மா மட்டும்தான் இருந்தாள்.

பழகினவர்களிடம் பேச்சு ஒட்டிக்கொள்ளும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் முப்பது வருடம் எதுவும் ஒட்டாத நாக்கு அது. ஒவ்வொரு வாரமும் ஒரு சொல் போனது. 'சொல்லுதேன்' போய் 'சொல்றன்' வந்தது. 'ரூவா' துட்டானது. என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்தால் நினைவில்லை. வெந்தயக் கீரையைத் தொடாதவள் வாங்கி வரத் தொடங்கினாள். இரண்டு மணி ஆனால் யாரோ வேலைவிட்டு வந்ததுபோல "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்து இடது கணுக்காலைத் தடவிக்கொள்வாள். அடுத்த நிமிடம் படியில் ஆன்ட்டியின் கால் இழுபடும் சத்தம் கேட்கும்.

ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பிய ஆன்ட்டியை நடையில் மறித்தேன்.

"அம்மாவுக்கு என்ன ஆகுது ஆன்ட்டி?"

அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். உட்காருவதற்கு முன் என்னிடமிருந்து பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். "பேசறதுக்கு" என்றார்.

இருபத்திரண்டு வயதில் கேம்ப் பக்கம் ஒரு பார்சிக்காரம்மாவிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாராம். "நல்ல மனுஷி. ஒரு பைசா வாங்கல. நீ என் பொண்ணு மாதிரின்னு சொல்லிச்சு." கற்றுக்கொண்டு முடித்த பிறகும் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போனார். அந்த அம்மாள் வரச் சொல்லவில்லை. போய்க் குளிப்பாட்டினார், தலை வாரினார். பதினோரு வருடம். வேலூரிலிருந்து இவரைப் பெண் பார்க்க வந்த அன்றும் அங்கேதான் இருந்தார். "நானா போகலமா. காலு போச்சு." அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி இடது கணுக்காலை முறித்துக்கொண்ட அதே மதியம், கட்கி கிளினிக்கில் நின்றுகொண்டிருந்த இவர் சுருண்டு விழுந்தார். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. கால் மட்டும் இன்றுவரை நேராகவில்லை.

"நீங்க காசு குடுத்திருக்கலாமே?"

"குடுக்கணும்னு தோணல. அதான்மா அது. தோணவே தோணாது. சந்தோஷமாத்தான் இருந்திச்சு." என் பத்து ரூபாயை மடித்துக் காணிக்கைப் பையில் போட்டார். "அந்தம்மா செத்தப்போ மூணு நாளு நானும் பொணமாத்தான் கெடந்தேன். முப்பத்திமூணு வயசு, பொழச்சிகினேன். உங்கம்மாவுக்கு அந்த வயசு இல்ல. நான் போறதுக்குள்ள வாங்கிக் குடுத்துடு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். அவள் கேட்கவில்லை. சரி, இடத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாகட்டில் பதினோராவது மாடியில் ஒரு வீடு பதிவு செய்திருந்தேன். சாவி கிடைத்த மாதமே கிளம்பினோம். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. ஆன்ட்டியிடம் சொல்லிக்கொள்ளவும் போகவில்லை. "எதுக்குமா? இங்கதானே கீறா" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

வாகட்டில் ஒன்றரை வருடம். ஆன்ட்டியோடு அவள் போனில் பேசுவதில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆனாலும் "இன்னிக்கு கிளினிக்ல கூட்டம்" என்பாள். "மழையில நனஞ்சிகினு வந்தேன்" என்பாள், வீட்டை விட்டு இறங்காமலேயே. காலை இழுத்து நடக்கத் தொடங்கியிருந்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் அம்மா சந்தோஷமாக இருந்தாள். அப்பா போன பிறகு அப்படி நான் அவளைப் பார்த்ததில்லை. தனியாக இருக்கும் வீட்டில் யாரோ கூட இருப்பவள்போலப் பாடிக்கொண்டு வேலை செய்தாள்.

பிறகு மூச்சு திணற ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே இரைக்கும். ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே, ரத்தம் எல்லாம் பார்த்தோம். எதிலும் புதிதாகக் குறையில்லை. மருத்துவர் மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதினார். எனக்குச் சந்தேகம் வந்து போபோடி வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். ஆன்ட்டிக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மருத்துவமனையில் இருக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றார்.

சனிக்கிழமை காலை போனேன். அந்த அறையில் அவரை அப்படிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சிறுத்துப்போயிருந்தார். கண்ணைத் திறந்தார்.

"வாட்டி. உக்காரு. மூச்சு முட்டுதுட்டி, பாத்துக்க."

வேலூர்ப் பேச்சில் அதட்டிக்கொண்டிருந்தவரின் வாயில் என் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு. ஒரு சுழிப்புக்கூட மாறாமல்.

ஜன்னலுக்குப் போய் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னாமா?" என்றாள். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காதில் போன். மறு காதில் அறை. ஒரு நீள மூச்சு, ஒரு நிறுத்தம், மூன்று சின்ன மூச்சு. இரண்டு காதிலும் ஒன்றாக ஏறி ஒன்றாக நின்றது. நான் போனை வைத்துவிட்டேன்.

அன்று வீடு திரும்பி அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

"இருநூறு ரூபாம்மா. உனக்கு அது பெருசா? கொடுத்துடு. அவங்க போறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அம்மா என் தலையைத் தடவினாள். "தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"துட்டு குடுத்துட்டா அவ தனியா பூடுவா. ஆயுசு பூரா எல்லாரையும் துட்டு வாங்கி வாங்கி அனுப்சிட்டா. அவளுக்குன்னு ஒருத்தர் இல்ல. நான் ஒருத்திதான் பாக்கி. நானும் குடுத்துட்டு கெளம்பிட்டா அவ யாரோட போவா?"

"நான் யாரோட இருப்பேன்?"

மூச்சு வாங்கியது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பர்ஸைத் திறந்தேன். அப்பாவின் பென்ஷனில் அவளுக்கு வருவதை அதில்தான் வைத்திருப்பாள். இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, போபோடிக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் நோட்டுகளைக் கையிலேயே பிடித்திருந்தேன், வியர்வையில் ஈரமாகிவிட்டன.

ஆன்ட்டி விழித்திருந்தார்.

"அம்மா குடுத்து விட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அவ குடுத்தாளாட்டி, நீ எடுத்தியா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுத்தியாக்கும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் போர்வைக்கு வெளியே கையை எடுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி விரித்தார். "அவளுக்குக் கொறையுதுல்லா, அது போதும். வைட்டி."

வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. மூச்சு ஒருமுறை நின்றது. பிறகு, கரகரவென்று, எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த தன் பழைய குரலில் சொன்னார்:

"கதவ சாத்திகினு பூடுமா."

நான் படியிறங்கிச் சந்து முனைக்கு வருவதற்குள் போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி" என்றாள்.

இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சொல்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"ஏட்டி, எங்க இருக்க? என் பர்ஸ்ல கைய வச்சியா?"

"மூச்சு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு. நல்லா வருதுட்டி. அதான் கேக்கேன். என்ன செஞ்ச நீ?"

ஆன்ட்டி அன்று மதியம் போய்விட்டார். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரம். அறையில் யாரும் இல்லை.

கட்கி கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரையும் குழி வெட்டியவர்களையும் சேர்க்காமல் நாங்கள் நான்கு பேர்: போபோடி வீட்டுச் சொந்தக்காரர், கீழ்வீட்டு மராட்டிக்காரி, அம்மா, நான். எத்தனையோ நூறு பேரின் கழுத்தும் இடுப்பும் அவர் கைக்கு எதிரே இருந்து எழுந்து போயிருக்கும். அவர்களில் ஒருவரும் வரவில்லை. வரக்கூடாது என்றுதானே அவர் காசு வாங்கினார். அம்மா காலை இழுக்காமல், எங்கள் எல்லோருக்கும் முன்னால், நேராக நடந்துபோனாள். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒத்தையில அனுப்பிட்டியேட்டி" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். டம்ளரை எடுக்கப் போனபோது பக்கத்தில் பத்து ரூபாய் இருந்தது. சில்லறை விழுந்திருக்கும் என்று நினைத்து ஷெல்ஃபில் வைத்தேன். தோசை சுட்டுக் கொடுத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் இருபது ரூபாய். மதியம் தலைவாரிவிட்டேன். எழுந்துபோகும்போது சீப்பின்மேல் இன்னொரு நோட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"என்னம்மா இது?"

"வாங்கிக்க."

"நான் உன் மகம்மா."

"அதான் வாங்கிக்கச் சொல்லுதேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. அம்மா திடமாக இருக்கிறாள், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. லிஃப்டில் வருகிறவர்களோடு சிரிக்கிறாள், கீழே பூங்காவில் நடக்கிறாள். நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தாலும், முதுகில் தைலம் தடவினாலும், அதற்குரியது மேசைக்கு வந்துவிடும். ஒருமுறை பிடிவாதமாக எடுக்காமல் இருந்து பார்த்தேன். பத்து ரூபாய் அப்படியே கிடந்தது. அம்மா இரண்டு வேளை சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வேளை நானே மேசைக்குப் போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.